கடல் வீட்டின் விளக்கு

மின்சாரம் திடீரென நின்றுபோனால் நாம் முதலிற் செய்வது யாது? வாசலுக்கு வந்து அயல்வீட்டை எட்டிப் பார்ப்போம். அங்கும் இருளாயிருந்தால் மனம் ஒருவாறு ஆறுதலடையும். 'எல்லோருக்கும் வந்ததுதானே' என்று திரும்பிவிடுவோம். ஆனால், அயல்வீடே இல்லாத இடத்தில், சுற்றிலும் நீரன்றி வேறொன்றுமில்லாத நள்ளிரவில், விளக்கனைத்தும் ஒருங்கே அணைந்தால் யாரை எட்டிப் பார்ப்பது? இக்கேள்விக்கு விடை கண்ட தம்பதிகள் இருவருடன் சென்ற மார்கழி விடுமுறையிலே சில நாட்கள் கடலில் வாழும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது.

நண்பர் யாழ்ப்பாணத்தில் நம்முடன் ஒரே வாங்கில் இருந்து படித்தவர். பின்னர் அவுஸ்திரேலியா சென்று பொறியியலாளரானார். பிள்ளைகள் வளர்ந்து தத்தம் வழியிற் சென்றபின், வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, நாற்பது ஆண்டுப் பழமையுடைய பாய்க்கப்பல் ஒன்றை வாங்கி, மனைவியாருடன் அதிலேயே குடியேறிவிட்டார். முப்பத்தெட்டு அடி நீளம், ஒற்றைப் பாய்மரம், உள்ளே சமையலிடம், படுக்கை, புத்தகத் தட்டு, சுவாமிப் படம் யாவும் உண்டு. அவுஸ்திரேலியாவிலிருந்து இந்தோனேசியத் தீவுகளினூடாக வந்து, அப்பொழுது பினாங்கிலே தங்கியிருந்தனர். அங்கிருந்து லங்காவித் தீவுக்குத் தம்முடன் வருமாறு அழைத்தனர்.

பினாங்கு என்ற பெயர் நம்மவர்க்குப் புதியதன்று. நம் பாட்டன்மார் பலர் மலாயாவுக்குச் சென்று புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உழைத்து, ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பியவர்கள். ஜோர்ஜ் ரவுன் நகரின் பழைய வீதிகளிலே நடந்தபொழுது, அவர்கள் சொல்லிய கதைகள் கால்தோறும் நினைவுக்கு வந்தன. நகரின் வடபுறத்திலே, கரைக்குச் சற்று அப்பால் நண்பரின் கப்பல் நங்கூரமிட்டு நின்றது. சிறிய இறப்பர் வள்ளத்தில் நம்மை ஏற்றிக்கொண்டு போனார்.

கப்பலுள் இறங்கியதும் நண்பரின் மனைவியார் இஞ்சித் தேநீர் தந்தார். அடுப்பிலே தீயைக் காணோம். மின்னடுப்பு! "காஸ் சிலிண்டர் எங்கே?" என்று கேட்டோம்.

"அதை இறக்கி இரண்டு வருடமாகிறது, அண்ணை," என்றார் அவர். "காஸ் காற்றிலும் பாரம் கூடியது. கசிந்தால் வீட்டிலே கதவு யன்னலால் வெளியே போகும். கப்பலிலே அடித்தட்டுக்குப் போய்த் தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும்."

அப்படியாயின் சமையலுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? நண்பர் எழுந்து, நாம் அமர்ந்திருந்த ஆசனத்தின் மெத்தையை நீக்கி மூடியைத் திறந்தார். உள்ளே, செங்கல்லைப் போன்ற நான்கு நீலக் கட்டிகள் செப்புத் தகடுகளால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்தன. அவையே இலிதியம் பற்றரிகள். கடையிற் பூட்டித் தந்தவையல்ல. நண்பரே கலங்களைத் தனித்தனியாக வாங்கித் தம் கையாற் பூட்டியவை.

நாம் பௌதிகம் கற்பிப்பவர் என்பது நண்பருக்குத் தெரியுமாதலால் விளக்கம் சற்று நீண்டது. மாணவர்களுக்குப் பயன்படும் என்று எண்ணி அதன் சாரத்தை ஈண்டுத் தருகின்றோம்.

ஒவ்வொரு கலமும் 3.2 வோல்ற், நான்கும் தொடராக இணையும்பொழுது 12.8 வோல்ற். கொள்ளளவு 280 அம்பியர்-மணி. நம் வீட்டு மின்சாரக் கட்டணச் சீட்டிலுள்ள கணக்கிற் கூறினால் ஏறத்தாழ மூன்றரை அலகு. நான்கு கலங்களின் நிறை 22 கிலோகிராம் அளவே. மோட்டார் வண்டிகளில் உள்ள ஈயப் பற்றரியிலே பாதிக்குமேல் இறைத்தால் அதன் ஆயுள் விரைவிற் குன்றும். ஆகவே இதே வேலையை ஈயத்தாற் செய்விக்க நூறு கிலோவுக்கும் மேற்பட்ட பாரம் வேண்டும். ஈயப் பற்றரி சில நூறு முறை ஆழமாக இறைத்து நிரப்பினால் களைத்துப்போகும். இதுவோ இரண்டாயிரம், மூவாயிரம் முறை தாங்கவல்லது. கப்பலின் பிற்பகுதியிற் பொருத்திய 600 வாற் சூரியத் தகடுகள் நல்ல வெயில் நாளில் இரண்டரை அலகு வரையில் ஈட்டித் தருகின்றன. குளிர்ப்பெட்டி, விளக்குகள், தன்னியக்கச் சுக்கான், சமையல் யாவும் அதற்குள் அடங்க வேண்டும்.

இலிதியம் என்றதும் கைத்தொலைபேசி தீப்பற்றிய செய்திகள் நம் நினைவுக்கு வரும். ஆயின் இலிதியம் பற்றரிகள் யாவும் ஒரே இனத்தவையல்ல. கோபாற்று, நிக்கல் கலந்தவை ஒருவகை. இரும்பும் பொசுபேற்றும் கலந்தவை இன்னொருவகை. பின்னையதில் ஒட்சிசன் அணுக்கள் பொசுபரசுடன் இறுகப் பிணைந்துள்ளமையால், சூடேறினும் எளிதில் விடுபட்டுத் தீயை வளர்ப்பதில்லை. எனவே கடலோடிகள் பெரும்பாலும் இவ்வகையையே நாடுகின்றனர். இவ்விரும்புப் பொசுபேற்றுக் கலத்தை ரெக்சாஸ் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் ஜோன் குடினஃப் அவர்களின் குழுவினர் 1997 இல் உலகுக்கு அறிவித்தனர். 2019 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு, இலிதியம் பற்றரிக்காக அவருக்கும் வேறு இருவருக்கும் வழங்கப்பட்டபொழுது அவருக்கு வயது 97. சுவீடனில் அவருடைய நோபல் விரிவுரையை அவருக்குப் பதிலாக நிகழ்த்தியவர், தமிழ்நாட்டிற் பிறந்து மதுரையிற் பயின்று, அவருடன் நெடுங்காலம் ஆராய்ச்சி செய்த பேராசிரியர் ஆறுமுகம் மந்திரம் ஆவார். இதனை நம் மாணவர்கள் அறிந்துகொள்ளல் நன்று.

இவ்வளவும் பற்றரியின் பெருமை. இனி அதன் குணக்கேட்டையும் கூறவேண்டும்.

ஈயப் பற்றரி வெறுமையாகும்பொழுது வோல்ற் படிப்படியாகக் குறையும், விளக்கு மங்கும், நமக்கு முன்னறிவித்தல் கிடைக்கும். இலிதியமோ கடைசிவரை ஒரே முகத்துடன் இருக்கும். வாய் மூடிய குடத்தில் எவ்வளவு நீர் உள்ளது என்று வெளியே நின்று பார்த்து அறிய முடியாது. ஊற்றியதையும் எடுத்ததையும் எண்ணிக்கொண்டே வரவேண்டும். அதற்கென ஒரு மானி உண்டு. அன்றியும், கலம் ஒன்று அளவுக்குமேல் நிரம்பினாலோ அளவுக்குக்கீழ் வற்றினாலோ கெட்டுவிடுமாதலால், ஒவ்வொரு கலத்தையும் கண்காணிக்கும் காவற்கருவி ஒன்று வேண்டும. ஆபத்தைக் கண்டவுடன் அது பற்றரியை முற்றாகத் துண்டித்துவிடும். பற்றரியைக் காக்கும் அக்காவலன் கப்பலில் உள்ளவர்களைப் பற்றி எண்ணுவதில்லை.

"அதை நாங்கள் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, அண்ணை, பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்," என்றார் மனைவியார். நண்பர் தலையைக் குனிந்துகொண்டார். பின்வருவது அவர்கள் இருவரும் மாறிமாறிக் கூறியது.

முந்திய ஆண்டிலே மலாக்கா நீரிணையில் வடக்கு நோக்கி வந்துகொண்டிருந்தனர். பங்கோர்த் தீவுக்குத் தெற்கே, காற்றில்லாத இரவு. பெரிய பாய் விரிந்திருந்தாலும் எஞ்சினே கப்பலைச் செலுத்தியது. எஞ்சினோடு சுழலும் மின்பிறப்பாக்கி பற்றரியை நிரப்பிக்கொண்டிருந்தது. நண்பர் உறக்கம், மனைவியார் காவல். திடீரென ஓர் இமைப்பொழுது விளக்குகள் பளிச்சென ஒளிர்ந்து, உடனே யாவும் அணைந்தன. கடற்படம் காட்டும் திரை, தன்னியக்கச் சுக்கான், வானொலித் தொலைபேசி, கப்பலின் சிவப்பு பச்சை விளக்குகள் எல்லாம் ஒருங்கே மாண்டன. எஞ்சின் மட்டும் டீசலில் ஓடிக்கொண்டிருந்தது.

எதிரே தொலைவில், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வெள்ளை விளக்குகள் தெரிந்தன. 1972 ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் விதிகளின்படி, 200 மீற்றருக்கு மேற்பட்ட தொலைவில் வேறொரு கலத்தைக் கட்டி இழுத்துவரும் கப்பலுக்கே அவ்வடையாளம். முன்னே இழுவைக் கப்பல். பின்னே இருளில் பெரும் பாரம் ஏற்றிய பாதை. இடையே நீரிலே தாழ்ந்து கிடக்கும் உருக்குக் கயிறு. இரண்டுக்கும் நடுவே வழியிருக்கிறது என்று எண்ணிப் புகுந்தோர் மீள்வதரிது. அவ்விளக்குகளின் பொருள் தெரியாதிருந்தால் அன்று கதை வேறாக முடிந்திருக்கும். நண்பரின் மனைவியார் விதிப் புத்தகத்தைக் கருத்தூன்றிப் படித்தவர். சுக்கானைக் கையிற் பிடித்து வலப்புறம் வெட்டித் திருப்பினார். மற்றக் கையிலே ரோச் லைட்டை எடுத்து, தம் கப்பலின் வெள்ளைப் பாயின்மீது ஒளியைப் பாய்ச்சினார். இருளிலே பாய் முழுவதும் வெண்சுவர்போல் தெரிந்திருக்க வேண்டும். இழுவைக் கப்பல் ஒளிக்கற்றை ஒன்றை அவர்கள்மேல் வீசி, கண்டுகொண்டதாக அறிவித்து, விலகிப் போயிற்று. நண்பர் விழித்து மேலே வந்தபொழுது எல்லாம் முடிந்திருந்தது.

காரணம் யாது? பங்கோரில் இரண்டு நாள் தேடியபின் அகப்பட்டது: செப்புத் தகட்டை இறுக்கும் எட்டு நட்டுகளில் ஒன்று தளர்ந்திருந்தது. தளர்ந்த மூட்டிலே மின்தடை கூடும். அதிகமான மின்னோட்டம் பாய்ந்தபொழுது அங்கே தோன்றிய வோல்ற்றையும் கலத்தின் வோல்ற்றோடு சேர்த்துக் கணக்கிட்ட காவற்கருவி, 'கலம் நிரம்பி வழிகிறது' எனத் தவறாக எண்ணித் துண்டித்துவிட்டது. ஏற்றவும் இறக்கவும் ஒரே ஆளியை வைத்திருந்தமையால் விளக்குகளும் கூடவே போயின. முழு வேகத்திற் பாய்ந்துகொண்டிருந்த மின்சாரம் செல்ல இடமின்றி ஒரு கணம் பொங்கியெழுந்து, மின்பிறப்பாக்கியையும் வேறு சில கருவிகளையும் எரித்துவிட்டது.

"நட்டைக் கையளவில் இறுக்கினேன், மச்சான். அளவு காட்டும் சாவி பெட்டியில் இருந்தது. அன்று மழை வரும்போலிருந்தது, அவசரப்பட்டேன்," என்றார் நண்பர். அவர் குரலில் இன்னமும் அவ்விரவு இருந்தது.

அதன்பின் மனைவியார் கூறிய சொல்லே அக்கப்பலின் சட்டமாயிற்று. "பூட்டியவர் நீங்கள், அதன்மேல் மெத்தை போட்டுப் படுப்பவள் நான். எனக்குத் தெரியாத ஒரு கம்பியும் இந்தக் கப்பலில் இருக்கக்கூடாது."

மூன்று நிபந்தனைகளை விதித்தார். முதலாவது, கப்பலின் அடையாள விளக்குகளும் வானொலித் தொலைபேசியும் பழைய ஈயப் பற்றரியிலே தனியாக இயங்கவேண்டும். மின்பிறப்பாக்கியும் அந்த ஈயப் பற்றரியையே நிரப்பவேண்டும். அங்கிருந்து ஓர் இடைக்கருவி மூலமே இலிதியத்துக்கு மின்சாரம் செல்லவேண்டும். அப்படியாயின் இலிதியம் துண்டிக்கப்பட்டாலும் எதுவும் எரியாது. இரண்டாவது, துண்டிக்குமுன் காவற்கருவி மணியடித்து எச்சரிக்க வேண்டும். (அமெரிக்கப் படகு நியமங்களை வகுக்கும் மன்றம் 2022 இல் வெளியிட்ட இலிதியம் பற்றரி நியமமும் இதனையே கூறுகிறது.) மூன்றாவது, கணவர் அறிந்தது அனைத்தையும் தாமும் அறிதல் வேண்டும்.

மூன்றாவதன் பயனை நாம் கண்ணாரக் கண்டோம். பற்றரிப் பெட்டியின் மூடியின் உட்புறத்திலே, எந்த ஆளியை எப்பொழுது திருப்புவது என்பது தமிழில், பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு நட்டிலிருந்தும் தகடுவரை சிவப்புக் கோடு ஒன்று இழுக்கப்பட்டிருந்தது. கூர்ந்து நோக்கினோம், அது நகப்பூச்சு! நட்டு சிறிது சுழன்றாலும் கோடு முறிந்து காட்டிவிடும். ஞாயிறுதோறும் காலையில் அவர் அக்கோடுகளைப் பார்ப்பார். உள்ளே வேலை செய்யும் சாவிகளின் பிடிகளெல்லாம் நாடாவாற் சுற்றப்பட்டிருந்தன. சாவி கைதவறி இரு முனைகளிலும் ஒருங்கே விழுந்தால் பல ஆயிரம் அம்பியர் பாயும், உருக்கும் உருகும். அதனாலேயே சாதாரண உருகி போதாதென்று, அத்தகைய வெள்ளத்தையும் வெட்டவல்ல தனிவகை உருகி ஒன்றைப் பற்றரியின் வாயிலிலேயே வைத்திருந்தனர். காப்புறுதி நிறுவனம், தகுதிபெற்ற ஒருவரின் அத்தாட்சியைக் கேட்டமையால் அதனையும் பெற்றிருந்தனர்.

மாலை ஆறு மணிக்கு நங்கூரம் தூக்கினோம். லங்காவி வடமேற்கே ஏறத்தாழ 60 கடல் மைல். வலப்புறத்திலிருந்து மெல்லிய வாடைக்காற்று வீசியது. எஞ்சினை நிறுத்தியதும், பாயின் சலசலப்பும் அணியத்தில் நீர் பிளக்கும் ஓசையுமே கேட்டன. பினாங்கின் விளக்குகள் பின்னே தாழ்ந்தன. தொடுவானத்திலே கணவாய் பிடிக்கும் படகுகளின் பச்சை ஒளி வானத்தில் ஏறியிருந்தது.

வல்வெட்டித்துறை மாலுமிகள் 'அன்னபூரணி'யை இதே பாயின் வலுவால் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம்வரை செலுத்தி 1938 இற் சேர்ந்தது நினைவுக்கு வந்தது. அவர்களிடம் பற்றரியா இருந்தது? நண்பரிடம் இதைச் சொன்னோம். அவர் சிரித்தார். "அவர்களிடம் மாலுமிகள் பலர் இருந்தனர், மச்சான். இங்கே நாங்கள் இரண்டு பேர். சுக்கானைப் பிடிக்கும் மூன்றாவது ஆள் இந்தப் பற்றரிதான்."

இரவு இரண்டு மணிக்கு மனைவியாரின் காவல். நாமும் உறக்கமின்றி மேலே வந்து அமர்ந்தோம். கிழக்கே பாயார்த் தீவு கருநிழலாகத் தெரிந்தது. அவர் நாற்புறமும் நன்றாகப் பார்த்தார். அண்மையிற் கப்பல் எதுவுமில்லை. "அண்ணை, சுக்கானைப் பிடியுங்கோ. திசைகாட்டியில் 330 ஐ விடாதேயுங்கோ," என்று கூறிவிட்டுக் கீழே இறங்கினார். ஒரு 'ளக்' என்ற ஓசை கேட்டது. திரை இருண்டது. தன்னியக்கச் சுக்கான் கைவிட, கப்பலின் முழுப் பாரமும் நம் கைக்கு வந்தது. குளிர்ப்பெட்டியின் முனகலும் நின்றது.

நம் நெஞ்சு ஒருகணம் நின்றே போயிற்று என்று கூறினால் மிகையாகாது. ஆயின் அணியத்தை நோக்கினோம்: சிவப்பும் பச்சையும் முன்போலவே ஒளிர்ந்தன. பின்னே வெள்ளை விளக்கும் அணையவில்லை.

அம்மையார் மேலே வந்து, சுக்கானைத் தாம் வாங்கிக்கொண்டு, கால்மணி நேரம் திசைகாட்டியொன்றையே நோக்கிக் கப்பலைச் செலுத்தினார். அதற்குள், குளிர்ப்பெட்டியின் ஓசை நின்றதால் விழித்த நண்பர் படியில் வந்து நின்றார். சுற்றிப் பார்த்தார், புரிந்துகொண்டார்.

"பரீட்சையா?" என்று கேட்டார்.

"ஓம்."

"பற்றரிக்கா, எனக்கா?"

"எனக்கு," என்றார் மனைவியார். "பெருங்கடலிலே ஆயிரம் மைலுக்கு மேல். அதற்கு முன்னம் ஒருமுறை இருட்டிலே செய்து பார்க்க வேணும் என்று இருந்தது."

நண்பர் மறுமொழி கூறவில்லை. கீழே சென்று, மனைவியார் எழுதிய மூடியின்படியே ஆளியைத் திருப்பிவிட்டு, மூவருக்கும் தேநீர் கொண்டுவந்தார்.

நம் மனமோ 1990 இன் பின்னர் யாழ்ப்பாணம் மின்சாரமின்றி இருந்த ஆண்டுகளுக்குச் சென்றது. ஜாம் போத்தலிலே பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டுச் செய்த விளக்கைச் சுற்றி நண்பரும் நாமும் சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் றேடியோச் செய்தி கேட்டோம். ஒருவர் சுழற்ற மற்றவர் கேட்பார். கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். ரோச் லைட்டுக்குரிய சிறு பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாயிருந்த காலம் அது. சேமித்து வைத்த சிறிது மின்சாரம் எத்துணை அரியது என்பதை நண்பர் பொறியியற் கூடத்திற் கற்கவில்லை, அங்கேதான் கற்றார்.

விடியும்வேளை லங்காவியின் மலைகள் மஞ்சுக்குள் தோன்றின. குவா நகரின் கரையிலே சிறகு விரித்து நிற்கும் பெருங்கழுகுச் சிலை காலை வெயிலிற் செம்மையாய்த் தெரிந்தது. அங்கே நங்கூரமிட்டு, இரண்டு நாட்கள் தீவுகளின் சந்துகளிலே சுற்றினோம். செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகளும், கண்டற் காடுகளும், வட்டமிடும் பருந்துகளும் கண்ணுக்கு விருந்தாயின. 2007 இல் உலகப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்ட இத்தீவுக்கூட்டத்தைப் பற்றித் தனியே எழுதலாம். இன்னொரு சமயம் எழுதுவோம்.

விடைபெறும் நாளில் நண்பரை ஒன்று கேட்டோம்: "பூட்டத் தெரிந்தவர் எல்லோரும் இதனைத் தாமே பூட்டலாமா?"

"பூட்டுவது ஒரு கிழமை வேலை, மச்சான்," என்றார் அவர். "அதோடு வாழ்வது ஒவ்வொரு நாளும் செய்யும் வேலை. அதைச் செய்ய மனமில்லாதவர் காசு கொடுத்து வல்லுநரைக் கொண்டு செய்விக்கட்டும்."

அவருடைய மனைவியார் திருகோணமலையைச் சேர்ந்தவர். எண்பது கடந்த தாயார் அங்கே கடற்கரைக்கு அண்மையில் வாழ்கின்றார். மாசி மாதத்திலே, வாடை தணிந்து இதமாக வீசும்பொழுது, வங்கக் கடலின் தென்புறத்தைக் கடந்து திருகோணமலைக்கு வருவதே அவர்கள் எண்ணம். தாயாரிடம் கொடுக்குமாறு ஒரு சிறு பொதியையும் கடிதத்தையும் நம்மிடம் தந்தனர்.

ஊர் திரும்பியபின் சென்ற வாரம் அவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அம்மையார் கடிதத்தை இருமுறை வாசித்தார். மகள் உடம்பு மெலிந்துவிட்டாளா, சமைத்துச் சாப்பிடுகிறாளா என்றெல்லாம் விசாரித்தார். நாம் எழும்பும் நேரத்திலே, நெடுநேரம் மனத்துள் வைத்திருந்ததைக் கேட்பவர்போல் மெல்லக் கேட்டார்:

"தம்பி, அந்தப் பெருங்கடலிலே இராக்காலத்தில் பிள்ளைகளுக்கு வெளிச்சம் இருக்குமோ?"

"இருக்கும், அம்மா," என்றோம். "நாங்கள் பார்த்துவிட்டு வந்தோம்."